மிஸ்ஸிங்

ஐப்பசி மழை விட்டபாடில்லை. நடவாவிக் கிணற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிடித்த தூறல், தெருவுக்குள் நுழைவதற்குள் வலுத்துவிட்டது. "திண்ணையில உக்காருங்க, விட்டதும் போலாம்" என்று ஒரு வீட்டம்மாள் சொல்லிவிட்டு உள்ளே போனார். உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் அங்கேதான் இருந்தேன். காஞ்சிபுரம் போகும் பேருந்து ஒன்று கடந்து போனதும் தெரியும். எழுந்திருக்க மனம் வரவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஐயங்கார்குளம். விஜயநகர அரசு காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் வெட்டிய பெரிய குளத்தால் ஊருக்கு இந்தப் பெயர். கரையில் சஞ்சீவிராயர் கோயில். பக்கத்திலேயே நடவாவி. படி இறங்கிப் பூமிக்குள் போனால் தூண் மண்டபம், அதன் நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் எழுந்தருளும்போது தண்ணீரை இறைத்துவிடுவார்கள். அப்போதுதான் மண்டபம் முழுசாகக் கண்ணில் படும். நான் போனது மழைக்காலம். கொஞ்சம் படி இறங்கியதுமே பாசி படர்ந்த தண்ணீர். மண்டபம் எங்கோ அடியில் இருந்தது.

எதிர்வீட்டு வாசலில், தகரக் கூரைக்கடியில், ஒரு வெள்ளை மாருதி 800. டிஎன் 21 என்று தொடங்கும் எண். முன்கண்ணாடியின் மூலையில் 1998 என்று எழுதிய பழைய ஸ்டிக்கர். பானெட் திறந்திருந்தது. ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரகடத்தில் ஏதோ கார் கம்பெனியின் பெயர் தைத்த நீலச் சட்டை போட்டிருந்தான். எஞ்சின் உயிர் பிடித்தது. ஆனால் ஓடவில்லை, நொண்டியது.

அந்தச் சத்தத்தை எழுதிக் காட்டுவது கடினம். "தட தட... தட தட... தட தட..." இரண்டு அடி விழுந்து, மூன்றாவது விழ வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் வண்டி மொத்தமும் ஒருமுறை குலுங்கும். நம்பர் பலகை கடகடக்கும். வைப்பர் கம்பி நடுங்கும். சைலன்ஸரிலிருந்து வந்த புகையில் எரியாத பெட்ரோல் வாடை, ஈரக் காற்றில் தெருவைத் தாண்டி என் வரைக்கும் வந்தது.

வீட்டுக்குள் தறிச் சத்தம் நின்றது.

வெளியே வந்தவருக்கு அறுபது தாண்டியிருக்கும். இடுப்பில் மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் துண்டு, காதில் செருகிய சின்னப் பென்சில். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த காலில் செருப்பில்லை. காரைப் பார்க்கவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து, சைலன்ஸர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். நாடித் துடிப்பு பார்ப்பது மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மூணுல ஒண்ணு விழல மாப்ளே. மிஸ்ஸிங்."

"அது தெரியும் மாமா. காலையில ஸ்டார்ட் பண்ணா இப்படித்தான். டவுன்ல பட்டறையில விட்டேன்ல, மூணு பிளக்கும் புதுசு போட்டாங்க, கார்புரேட்டர் கழட்டிக் கிளீன் பண்ணாங்க. அங்க நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாள் காலையில மறுபடியும் இதே கதை."

"மறுநாள் காலையிலயா?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மனத்துக்குள் எங்கோ முடிந்து வைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மாள், சுவரில் சாய்ந்து, தலையை முந்தானையால் மூடி உட்கார்ந்திருந்தார். பையனுடைய அம்மா, பெரியவருக்கு அக்கா. "நாளைக்குக் காலையில எட்டு மணிக்குள்ள காரப்பேட்டையில இருக்கணும்டா தம்பி" என்று மட்டும் சொன்னார். காஞ்சிபுரம் பக்கத்தில் காரப்பேட்டை என்றால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். 1969-இல் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. போன வாரம் அங்கே போகும் வழியில் கார் நடுரோட்டில் நின்றிருக்கிறது. மழையில் குடை பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் ஆட்டோவுக்காகக் கால் மணி நேரம் நின்றாராம். மகன் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

பெரியவர் வீட்டுக்குள் போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதில் கட்டிங் பிளேயர், திருப்புளி, பிளக் கழற்றும் பாக்ஸ் ஸ்பேனர், உப்புத்தாள் துண்டு. அடியில் சுருட்டி வைத்த ஏதோ கறுப்பு ஒயர்கள். கூடவே ஒரு கொத்து பட்டு நூல், தறியில் கழித்துப் போட்ட மிச்சம்.

முதலில் அந்த நூலைத்தான் எடுத்தார். மூன்று பிளக் ஒயர்களிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒவ்வொன்று கட்டினார். முதல் ஒயரில் மஞ்சள், இரண்டாவதில் சிவப்பு, மூன்றாவதில் பச்சை. "கழட்டி மாட்டும்போது மாறிடக் கூடாது. ஒண்ணு, மூணு, ரெண்டுன்னு இதுக்கு ஒரு வரிசை. மாறுனா வண்டி இருமும், ஓடாது." மழை இருட்டில், கிரீஸ் படிந்த எஞ்சின்மேல் அந்த மூன்று பட்டு இழைகளும் பளிச்சென்று தெரிந்தன. அவற்றைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்கக் கை நீட்டினான். பெரியவர் கையைத் தட்டிவிட்டார்.

"அணைச்சிட்டுக் கழட்டு. கழட்டுன ஒயரச் சும்மா தொங்க விடாத. இந்தப் பழைய பிளக்கை அதுல மாட்டி எஞ்சின் இரும்பு மேல வை. கரன்ட் போறதுக்கு ஒரு வழி வேணும். வழியில்லன்னா காயில்லயே பாயும், இல்ல உன் கையில பாயும்."

பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து வருவதை அந்தக் காயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு ஏற்றி விடுகிறது. அளவில் சிறிது, கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனாலும் தூக்கி எறிந்துவிடும். காரை வீட்டில் திறந்து பார்க்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்று எனக்குப் பட்டது.

மஞ்சள் நூல் கட்டிய ஒயரைக் கழற்றி ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் இரண்டு துள்ளு துள்ளிச் செத்தது. அதை மாட்டிவிட்டுச் சிவப்பைக் கழற்றினார்கள். அதே கதை. அடுத்தது பச்சை. கழற்றுவதற்கு முன்னால் எப்படி நொண்டியதோ, கழற்றிய பிறகும் அப்படியே நொண்டிக்கொண்டிருந்தது.

"இதுதான். இருந்தும் இல்லாத ஆளு."

"எங்க லைன்ல ஸ்கேனர் சொருகுனாலே சொல்லிடும் மாமா. பி0303-ன்னு வரும். கடைசி நம்பர்தான் சிலிண்டர்."

"மூணாவதுன்னு சொல்லும். ஏன்னு சொல்லுமா?"

பையன் யோசித்தான். "சொல்லாது மாமா. அத நாமதான் பாக்கணும்."

நேர்மையான பதில். புதுக் கார்களில் எஞ்சின் விளக்கு மினுக்கிக் காட்டும். பி0300 என்றால் எந்த சிலிண்டர் என்றில்லாமல் அங்கங்கே விடுகிறது; 0301, 0302 என்றால் இன்ன சிலிண்டர். அது வீட்டு நம்பரைச் சொல்லும். கதவைத் தட்டி உள்ளே போய்ப் பார்க்க வேண்டியது மனிதன்தான். 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இந்த 800-இல், அதுவும் கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில், அந்த நம்பரும் கிடையாது. காதும் கையும்தான்.

பச்சை நூல் பிளக்கைக் கழற்றினார்கள். பெரியவர் அதைத் துண்டில் வைத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நுனி கறுத்து, நனைந்து, பெட்ரோல் சொட்டியது. பக்கத்தில் முதல் சிலிண்டர் பிளக்கையும் கழற்றி வைத்தார். அது உலர்ந்து, டீ வடிகட்டும் துணியின் நிறத்தில் இருந்தது. நல்லபடி எரியும் பிளக்கின் நிறம் அதுதான். கறுப்புப் பொடியாகப் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டியிருந்தால் உள்ளே ரிங் தேய்ந்திருக்கிறது. நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தது, நெருப்பு வரவில்லை.

"அப்ப புது பிளக்கே போச்சா? வேற வாங்கிட்டு வரேன் மாமா." பையன் பைக் சாவியைத் தேடினான்.

"இரு. போச்சுன்னு யார் சொன்னது? இத அங்க போடு, அத இங்க போடு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். சந்தேகப்பட்ட பொருளைத் தூக்கி எறியாமல் இடம் மாற்றிப் பார்ப்பது. நோய் கூடவே போனால் குற்றம் பிளக்குடையது. இருந்த இடத்திலேயே இருந்தால் பிளக் நிரபராதி. காசு செலவில்லாத சோதனை. எத்தனையோ பட்டறைகளில் இதைச் செய்வதில்லை. ஒன்று மாற்றி இன்னொன்று மாற்றி, பில் நீண்டு, கடைசியில் எது சரிசெய்தது என்று அவர்களுக்கே தெரியாது.

நனைந்த பிளக்கைத் துடைத்து, இடைவெளி முக்கால் மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, முதல் சிலிண்டரில் முடுக்கினார்கள். அங்கே அது ஒழுங்காக வெடித்தது. மூன்றாவதில் போட்ட நல்ல பிளக் வேலை செய்யவில்லை. நோய் இடம் மாறவில்லை.

அடுத்து நெருப்புச் சோதனை. மூன்றாவது பிளக்கை வெளியே எடுத்து, திறந்த ஓட்டையின்மேல் துணியைப் போட்டு மூடி, ஒயரைத் தூக்கிப் பிளக்கில் மாட்டி, ஓட்டையிலிருந்து தள்ளி எஞ்சின் இரும்பில் படும்படி வைத்தார்கள். பையன் சாவியைத் திருப்பினான். பளீர் பளீரென்று நீலப்பொறி. குறையே சொல்ல முடியாத பொறி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிளக் நல்ல பிளக். பொறி நல்ல பொறி. பெட்ரோல் வருகிறது. பிறகு என்ன?

எல்லாவற்றையும் மாட்டிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தார்கள். நாலைந்து தடவை நொண்டியது. பிறகு, யாரும் ஒன்றும் செய்யாமலே, பள்ளம் நிரம்பியது. "தடதடதடதட" என்று மூன்று அடியும் வரிசையாக விழ ஆரம்பித்தன. நம்பர் பலகை அமைதியானது.

"சரியாயிடுச்சு மாமா!"

அந்த அம்மாள் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "சரியாகல. ஒளிஞ்சிக்கிச்சு" என்றார்.

எனக்கு முதுகு சிலிர்த்தது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் பானெட்டை மூடிவிட்டு உள்ளே போயிருப்பேன். அடுத்த நாள் அந்த அம்மாள் மறுபடி மழையில் நின்றிருப்பார். பட்டறைக்காரர்களும் இந்த இடத்தில்தான் ஏமாந்திருக்க வேண்டும். பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கண்முன் ஓடியது.

பெரியவர் திண்ணையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சினை அணைக்கச் சொன்னார். டீ வந்தது, எனக்கும் ஒரு தம்ளர் தெருவைத் தாண்டி வந்தது. அவர் பையனிடம் பேசினாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

"காலையில வருது. வண்டி சூடானா போயிடுது. ஈரம் பட்டா வருது, காஞ்சா போயிடுது. ஒயரத் தூக்கிப் புடிச்சா நெருப்பு வருது. எடத்துல படுக்க வெச்சா வரல."

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் துணியின் மேல் உடனே தெரியாது. கையை மெல்ல ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தக் கையோடுதான் அவர் காரையும் யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் பிறகு நினைத்துப் பார்த்தேன். வெளியில், திறந்த காற்றில், பொறி எளிதாகத் தாண்டிவிடும். சிலிண்டருக்குள் நிலைமை வேறு. பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் எட்டொன்பது மடங்கு அமுக்கி வைத்திருக்கும்போது, அதே இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்குப் பல மடங்கு தெம்பு வேண்டும். முன்னால் வழி கடினமானதும் அது சுலபமான வழியைத் தேடும். எங்காவது ஒயரின் ரப்பரில் பழுது இருந்து, பக்கத்தில் ஈர இரும்பும் இருந்தால், அப்படியே இறங்கிப் போய்விடும். வெளியே எடுத்து வைத்துச் சோதித்தால் நல்லவன் வேஷம் போடும் பழுது இது.

மழை தூறலாகிவிட்டது. இருட்டத் தொடங்கியது. சஞ்சீவிராயர் கோயில் பக்கமிருந்து மணிச் சத்தம் கேட்டது. வாசல் பல்பைப் போட வந்த பெண்ணிடம் பெரியவர், "போடாதம்மா" என்றார். உள்ளறை விளக்கையும் அணைக்கச் சொன்னார். பையன் செல்போன் டார்ச்சை அடித்தான்; அதையும் அணைக்கச் சொன்னார். அந்த வாசல் மட்டும் கறுப்பாகிப் போனது. நான் உட்கார்ந்திருந்த வீட்டம்மாளும் புரிந்துகொண்டு திண்ணை விளக்கை அணைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு."

எஞ்சின் சீராக ஓடியது. பெரியவர் சொம்பிலிருந்து விரல்களை நனைத்து, பூத்தொடுக்கிறவர்கள் மல்லிகைக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல, பட்டும் படாமலும் ஒயர்கள்மேல் உதறினார். மஞ்சள் ஒயர்மேல் தெளித்தார், ஒன்றுமில்லை. சிவப்பு, ஒன்றுமில்லை.

பச்சைமேல் தெளித்ததும் எஞ்சின் குப்புற விழுந்தது. "தட தட... தட தட..." அதோடு கூடவே இன்னொரு சின்னச் சத்தம். நகத்தால் ஓலையைச் சுண்டுவது மாதிரி, டிக், டிக், டிக்.

தெருவின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. ஊசி முனையளவு நீலம். ஒயரின் அடிப்பக்கத்திலிருந்து எஞ்சின் மூடியின் இரும்புக்கு, நூல்மாதிரி, அணைந்து அணைந்து எரிந்தது. அந்த வேகத்தில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு ஏழெட்டு முறை வெடிக்க வேண்டும். மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டிய நெருப்பு அத்தனையும் அந்த ஈர இரும்பில் இறங்கி வீணாகிக்கொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. "அம்மா, பாரும்மா" என்று பையன் மட்டும் சின்னக் குழந்தைபோலக் கூப்பிட்டான். அந்த அம்மாள் எழுந்து வந்து, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மின்மினி மாதிரி இருக்குதுடா" என்றார்.

விளக்கைப் போட்டார்கள். ஒயரைப் பிடிமானத்திலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தபோது, இரும்பை ஒட்டிப் படுத்திருந்த அடிப்பக்கத்தில், அருகருகே இரண்டு சிறு பள்ளங்கள் இருந்தன. எலிப் பல். மேலிருந்து பார்த்தால் ஆயுளுக்கும் தெரியாது. பையன் பேட்டரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிடி வைக்கோலை எடுத்தான். ஈரம் படாத, வெதுவெதுப்பான வைக்கோல். ஏரிப் பாசனத்து வயல்களில் தண்ணீர் ஏறினால் எலி எங்கே போகும்? இரவு வீடு திரும்பிய வண்டியின் சூடான எஞ்சினைவிட நல்ல இடம் அதற்கு ஏது?

"டேப்பு சுத்திடலாமா மாமா?"

"இது பட்டு இழை இல்ல, ஒட்டுப் போட. இருபதாயிரத்துக்கு முன்னாடி டேப்பு நிக்காது. நாளைக்கு வழியில மறுபடி ஒளிஞ்சி வரும்."

பிஸ்கட் டப்பாவின் அடியிலிருந்த கறுப்பு ஒயர்களை எடுத்தார். எப்போதோ மாற்றிய பழைய செட். மூன்றாவதற்கு நீளம் பொருந்துவதைத் தேர்ந்து, விளக்கடியில் விரல்களுக்கிடையே உருவி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று முனைவரை பார்த்தார். அந்த நிதானத்தில் அவசரமே இல்லை. கொஞ்சம் இறுகியிருந்தது, முழுசாக இருந்தது. "டவுன்ல புது செட் கெடைக்கும், மூணையும் சேர்த்து மாத்து. நாளைக்கு இது போதும்." மாட்டினார். பச்சை நூலை அவிழ்த்து இதில் கட்டினார். இரும்பில் உரசாமல் பிடிமானத்தில் தூக்கி வைத்தார்.

மறுபடி விளக்கு அணைந்தது. மறுபடி சொம்புத் தண்ணீர். இந்த முறை தாராளமாகவே தெளித்தார். இருட்டு இருட்டாகவே இருந்தது. எஞ்சின் ஒரு அடிகூடத் தவறவில்லை.

அவர் பின்பக்கம் போய், முதலில் செய்ததுபோலவே, சைலன்ஸருக்கு நேரே உள்ளங்கையை நீட்டினார். இந்த முறை அக்காவையும் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து அங்கே காட்டினார். காய்ந்து மெலிந்த கை. காற்று ஒரே சீராக அதில் வந்து மோதியது. "காலையில ஆறரைக்குக் கிளம்பிடலாங்க்கா" என்றார்.

பையன் கருவிகளைத் துடைத்து டப்பாவில் அடுக்கினான். எலி கடித்த ஒயரைத் தூக்கி எறியப் போனவனிடமிருந்து பெரியவர் அதை வாங்கி டப்பாவுக்குள்ளேயே போட்டார். பிறகு, "பானெட்டத் திறந்தே வை. சூடு தங்கலன்னா எலி ஏறாது" என்றார்.

தூறல் அப்போது மறுபடி வலுத்தது. தகரக் கூரை காரின் முன்பாதியை முழுசாக மூடவில்லை. காற்று அடித்தால் சாரல் எஞ்சின்மேல்தான் விழும். பையன் மாமாவைப் பார்த்தான். மூடினால் எலி. திறந்தால் ஈரம்.

நான் கிளம்பும்போது பெரியவர் ஒரு கையால் பானெட்டைப் பாதியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வானத்தைப் பார்த்தார், அப்புறம் வயல் பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் தறிமேல் போர்த்தியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.